குறுஇழை இயக்கக் குறைபாடுள்ள குழந்தைகளும் நடுச்செவி அறுவைச் சிகிச்சையின் பயனும்

திறவுச்சொற்கள்: குறுஇழை, நடுச்செவி, காற்றோட்டக் குழாய், கேள்திறன்

பெருங்களத்தூரில் ஆண்டு முழுவதும் சளி நீங்காத ஒரு குழந்தையை அருகிலுள்ள தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது இயல்பு. 1928-இல் மருத்துவர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சானடோரியமே இன்று அரசு மருத்துவமனையாக விளங்குகிறது. அதே குழந்தைக்குக் காது மந்தமெனில் பெற்றோர் நாடுவது வேறொரு மருத்துவரை. இரண்டும் ஒரே நோயின் விளைவாக இருக்கலாம் என்பது இவ்விடைவெளியில் தவறிப்போகிறது.

மூக்கு, மூச்சுக்குழாய், நடுச்செவி ஆகியவற்றின் உட்படலத்திலுள்ள குறுஇழைகள் ஓயாது அசைந்து சளியை வெளியே தள்ளுகின்றன. பிறவியிலேயே இவ்வசைவு குன்றியிருப்பின் நடுச்செவியில் நீர் தேங்கிக் கெட்டிப்படும், கேள்திறன் குறையும். இந்நோய் பெரும்பாலும் ஒடுங்கு மரபணுவால் வருவதாகும். உறவுத் திருமணம் மிகுந்த தமிழ்நாட்டில் இது புறக்கணிக்கத்தக்கதன்று.

நீர் தேங்கிய செவிக்குச் செய்யப்படும் வழக்கமான அறுவை, செவிப்பறையில் சிறு துளையிட்டுக் 'குரோமெட்' எனும் காற்றோட்டக் குழாயைப் பொருத்துவதாகும். ஏனைய குழந்தைகளிடம் காற்று புகுந்ததும் உட்படலம் தேறுகிறது. குழாயும் பெரும்பாலும் ஓராண்டளவில் தானே விழுந்துவிடுகிறது. குறுஇழை இயங்காத செவியிலோ சளி சுரந்துகொண்டே இருக்கும். அதற்குக் கிடைத்த புதிய வழி அத்துளையே. ஆதலின் நாட்பட்ட, நாற்றமுடைய ஒழுக்கு தொடர்கிறது. குழாய் விழுந்த பின்னும் சிலருக்குத் துளை மூடாமல் நின்றுவிடுகிறது. இக்காரணங்களால் ஐரோப்பிய மூச்சுநோய்க் கழகத்தின் பணிக்குழு 2009-இல் வெளியிட்ட ஒருமித்த அறிக்கை, குழாய்க்கு மாறாகச் செவித்துணைக் கருவியை விரும்பியது. வட அமெரிக்க மருத்துவர் பலர் இதனை முழுமையாக ஏற்பதில்லை; ஒழுக்கு இருப்பினும் பேச்சு வளரும் பருவத்தில் கேட்பதே முதன்மை என்பது அவர்தம் வாதம். அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. எனினும் பல குழந்தைகளின் கேள்திறன் பதின்பருவத்தில் ஓரளவு தானே மேம்படுவதால், அதுவரை கருவியால் ஈடுசெய்வதே இடர் குறைந்த வழியாகத் தோன்றுகிறது. வகுப்பில் கருவி அணியக் குழந்தை கூசுவது வேறு சிக்கல்.

இத்தெரிவு அறுவைக்கு முன்பே நோய் அறியப்பட்டால்தான் வாய்க்கும். நிறைமாதத்தில் பிறந்தும் முதல் நாளிலேயே மூச்சுத்திணறல், அன்று முதல் ஓயாத மூக்கடைப்பு, ஈர இருமல் ஆகியன வினவியறியத் தக்கவை. 1933-இல் கார்டகெனர் விவரித்த கூட்டுநோயில் உள்ளுறுப்புகள் இடம் மாறியிருக்கும். அதன் அடிப்படை குறுஇழைகளின் அசைவின்மையே என்பதை 1976-இல் அஃப்சீலியஸ் காட்டினார். ஆகவே மார்பு எக்ஸ்ரேயில் இதயம் வலப்புறம் தெரிந்தால் ஐயம் வலுக்கும். இடப்புறமே இருப்பினும் நோய் இல்லையெனக் கொள்ளலாகாது. இந்நோயுடையோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இதயம் உரிய இடத்திலேயே உள்ளது.