சுட்டியா, கட்டளையா? கேள்வித்தாள் அமைப்பை மாற்ற இரண்டு வழிகள்

சோதனைக் காலம் நெருங்கினால் இந்த வேலை யாராவது ஓர் ஆசிரியர் தலையில் விழும்: பலர் தயாரித்த கேள்வித்தாள்களை ஒரே எழுத்துரு, ஒரே அளவு, ஒரே வரி இடைவெளிக்குக் கொண்டுவர வேண்டும். வேர்டு மென்பொருளில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி: வரைகலை இடைமுகம்

மெனு, பொத்தான், பெட்டி என எல்லாம் திரையிலேயே தெரியும். எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரே ஒரு தாள்தானா? சுட்டியே போதும்.

ஆனால் ஒன்றைக் கவனிங்க. எழுத்து அளவை மாற்றியும் சில சமயம் தமிழ் மட்டும் அப்படியே நிற்கும். காரணம், ஃபான்ட் பெட்டியில் இரண்டு பகுதிகள் இருக்கும்: ஒன்று லத்தீன் எழுத்துக்கு, மற்றொன்று ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’. தமிழ் இரண்டாவதில் சேரும். அங்கேயும் மாற்ற வேண்டும்.

இந்த வழியின் குறை, செய்த படிகள் எங்கும் எழுதப்படுவதில்லை. இருபது தாள் என்றால் இருபது முறை சொடுக்கணும். நடுவில் ஒரு படி விட்டுப்போனாலும் தெரியாது.

இரண்டாம் வழி: கட்டளை நிரல்

வேர்டில் இதற்கு மேக்ரோ என்று பெயர். நிரல் எழுதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ‘வியூ’ பகுதியில் ‘மேக்ரோஸ்’, பிறகு ‘ரெக்கார்ட் மேக்ரோ’ அழுத்தி, வழக்கம்போல் ஒருமுறை செய்து காட்டுங்கள். வேர்டு அதைக் கட்டளை வரிகளாக எழுதிக்கொள்ளும். பதிவு நடக்கும்போது எழுத்துகளைத் தேர்ந்தெடுக்க விசைப்பலகையைத்தான் பயன்படுத்த வேண்டும், சுட்டி உதவாது. அடுத்த தாளைத் திறந்து ஆல்ட் + எஃப்8 அழுத்தி, அந்த மேக்ரோவை ஓட்டினால் போதும்.

இங்கேயும் ஓர் ஆபத்து உண்டு. ஃபான்ட் பெட்டியைத் திறந்து ‘ஓகே’ கொடுத்தால், நாம் தொடாத அமைப்புகளும் பதிவாகிவிடும். சாதாரண வரியில் பதிவு செய்த மேக்ரோவைத் தாள் முழுவதற்கும் ஓட்டினால், தடித்த எழுத்தில் இருந்த தலைப்புகளும் சாதாரணமாகிவிடலாம். “எல்லா விடைகளையும் எழுதுக” என்ற குறிப்பின் அழுத்தமும் போய்விடும். ஆல்ட் + எஃப்11 அழுத்திக் கட்டளைகளைப் பாருங்கள். தேவையற்ற வரிகளை நீக்குங்கள். முதலில் ஒரு நகல் கோப்பில் சோதித்துப் பார்ப்பது நல்லது. இணையத்தில் கிடைக்கும் தெரியாத மேக்ரோவை ஓட்ட வேண்டாம். 2022 முதல் மைக்ரோசாப்ட்டே அவற்றைத் தடுக்கிறது.

இரண்டும் சேர்ந்தும் வரலாம்

லேடெக்ஸ் மென்பொருளில் தாள் அமைப்பைக் கோப்பின் தொடக்கத்தில் கட்டளைகளாகவே எழுதுவார்கள். அதற்கு மெனு வசதி தரும் லிக்ஸ் 1995-இல் வந்தது. அதிலும்கூட, கட்டளைகளைக் கையால் எழுத ஒரு பெட்டி தனியாக உண்டு. எல்லா அமைப்புக்கும் பொத்தான் வைக்க முடியாதல்லவா!

மாணவர்கள் நினைவில் கொள்ள:

1. வரைகலை இடைமுகம் கற்க எளிது; ஒருமுறை வேலைக்கு ஏற்றது.
2. கட்டளை நிரல் கற்க நேரமாகும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய ஏற்றது.
3. நிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். ஆனால் அதில் உள்ள பிழையும் எல்லாக் கோப்புகளுக்கும் பரவும்.

ஆகவே ஆசிரியர்களே, அடுத்த முறை எத்தனை தாள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். வழியைப் பிறகு முடிவு செய்யலாம்.