பழைய ஜீப் வாங்கப் போறீங்களா? பெயின்ட்டைப் பார்க்காதீங்க, அடியில பாருங்க!

தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்கு, கேரளாவின் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில்தான் ஏற முடியும். அங்கே குலுங்கிக் குலுங்கிப் போய்வந்த பலருக்கும், 'நாமும் ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் வாங்கினால் என்ன?' என்ற ஆசை வந்துவிடும். தாராளமாக வாங்கலாம். ஆனால்...

வாங்கும் முன்: இன்ஜின் கோளாறைச் சரிசெய்துவிடலாம். சேஸி துருவேறியிருந்தால் செலவும் அதிகம், ஆபத்தும் அதிகம். வண்டிக்கு அடியில் படுத்து, சிறு சுத்தியலால் சேஸியைத் தட்டிப் பாருங்கள். 'கணீர்' எனக் கேட்டால் நல்லது. 'மொத்' என்றால் யோசியுங்கள். ஆர்.சி.யில் உள்ள சேஸி, இன்ஜின் எண்கள் வண்டியோடு பொருந்த வேண்டும். சொந்த உபயோக வண்டிக்கு 15 ஆண்டுகள் முடிந்தால், எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை.

தார் ரோட்டில்: ஃபோர் வீல் வேண்டாம். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் சுற்றும். மண்ணில் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசம் சரியாகிவிடும். தாரில் வழுக்காது என்பதால், பாரமெல்லாம் கியர்களின் மேல் விழும்.

ஓடையைக் கடந்தால்: பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டி, டிரம்மை உலரவிடுங்கள். ஆக்ஸில் ஆயில் பால் டீ நிறத்துக்கு மாறியிருந்தால், உள்ளே தண்ணீர் போய்விட்டது; உடனே மாற்றுங்கள்.

இறக்கத்தில்: நியூட்ரல் கூடவே கூடாது. பிரேக்கை மட்டுமே நம்பினால், சூடேறிப் பிடிக்காமல் போகலாம். செங்குத்தான இறக்கம் தொடங்கும் முன்பே நின்று, 'ஃபோர் லோ'வில் முதல் கியருக்கு மாறுங்கள். இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்.

ஏறுவதற்கு இன்ஜின் பலம் போதும். பத்திரமாக இறங்க ஓட்டுபவரின் பொறுமையும் வேண்டும்!