நாடி கிடைக்காத மனிதர்கள்

"ஹார்ட் ஃபெயிலியர்" என்று டாக்டர் சொன்னதும், இதயம் நின்றேவிட்டது என்று பதறுகிறவர்கள் உண்டு. நிற்கவில்லை, உடம்புக்கு வேண்டிய ரத்தத்தை அனுப்ப முடியாமல் திணறுகிறது. அதனால்தான் கால் வீங்குகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது, ஒரு தலையணை இரண்டாகிறது. மாத்திரைகளால் மட்டும் சமாளிக்க முடியாதபோது கருவிகள் துணைக்கு வருகின்றன.

எல்லாமே பேஸ்மேக்கர் அல்ல

1958இல் ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சன் என்ற நோயாளிக்குப் பொருத்திய முதல் பேஸ்மேக்கர் சில மணி நேரமே ஓடியது. அவரோ இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு 2001 வரை வாழ்ந்தார். அன்றிலிருந்து நெஞ்சில் வைக்கும் எதற்கும் நமக்கு அதே பெயர்தான். ஆனால் பேஸ்மேக்கர், மந்தமான துடிப்பைத் தூண்டுவது. ஐசிடி, துடிப்பு தாறுமாறானால் ஷாக் கொடுத்து உயிரைக் காப்பது. "ஐசிடி வைத்தும் மூச்சு வாங்குகிறதே" என்று அலுத்துக்கொள்வதில் பொருளில்லை. அது அதன் வேலையே அல்ல. இடம், வலம் இரண்டு கீழறைகளும் முன்னே பின்னே சுருங்குகிறவர்களுக்கு, அவற்றைச் சேர்ந்து சுருங்க வைக்கும் சிஆர்டிதான் மூச்சிரைப்பைக் குறைக்கும்.

வீக்கம் வருமுன்

அமெரிக்காவில் 2014இல் அனுமதி பெற்ற கார்டியோமெம்ஸ், நுரையீரல் தமனிக்குள் வைக்கும் சிறு உணரி. பேட்டரி கிடையாது. நோயாளி தினமும் அதற்கென்று உள்ள தலையணையில் சற்றுப் படுத்தால் போதும், ரத்த அழுத்த அளவு மருத்துவருக்குப் போய்விடும். கால் வீங்குவதற்குப் பல நாள் முன்பே இந்த அழுத்தம் ஏறத் தொடங்குவதால், மாத்திரை அளவை முன்கூட்டியே மாற்றலாம்.

கையைப் பிடித்தால் நாடி இல்லை

எனக்குத் தீராத வியப்பு, பலவீனமான இடது கீழறைக்குத் துணையாக ரத்தத்தைத் தள்ளும் எல்வேட் பம்ப்தான். இதயம் போல் விட்டு விட்டுத் தள்ளாமல், ரத்தத்தை ஓயாமல் தள்ளுவதால், பலருக்கு மணிக்கட்டில் நாடியே தட்டுப்படாது. ஆள் எதிரே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பார். அமெரிக்க முன்னாள் துணை அதிபர் டிக் செனி, 2010இல் இதைப் பொருத்திக்கொண்டு, 2012இல் மாற்று இதயம் கிடைக்கும் வரை அப்படித்தான் இருந்தார். 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஹார்ட்மேட் 3 பம்ப்பின் சுழலி எதையும் தொடாமல் காந்த விசையில் மிதக்கிறது. அதனால் பம்ப்புக்குள் ரத்தம் உறைவது வெகுவாகக் குறைந்திருக்கிறது.

சங்கடம் வயிற்றில் இருக்கிறது. தோலைத் துளைத்து வெளியே வரும் ஒயர் வழியாகக் கிருமி புகலாம். குளத்தில் முங்கிக் குளிக்க முடியாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை விடாமல் வேண்டும். பகலில் பேட்டரிகளைச் சுமக்க வேண்டும், ராத்திரி சுவர் பிளக்கில் இணைக்க வேண்டும். டிஸ்சார்ஜுக்கு முன்பே வீட்டில் ஒருவராவது துளைக்குக் கட்டுப்போடவும் பேட்டரி மாற்றவும் கற்றுக்கொள்வது அவசியம். இரண்டு பேட்டரிகளையும் சேர்த்துக் கழற்றவே கூடாது. ஒன்றை மாற்றிய பிறகுதான் அடுத்தது.