பதில் வராத ஒளியிழை

நாம் போடும் கடிதம் போய்ச் சேர்கிறது. அவர்கள் எழுதும் பதில் மட்டும் எம்மிடம் வருவதில்லை. நாமோ அங்கே எவரும் இல்லை என்று எண்ணிவிடுகிறோம். கணினி வலையமைப்பிலும் இவ்வாறான கோளாறு ஏற்படுவதுண்டு. இத்தொழில் பழகும் எமது பிள்ளைகளுக்காக அதனை இங்கு விளக்குகிறோம்.

கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டியைச் சுவிச் என்பர். இரு சுவிச்சுகளைத் தொடுக்கும் ஒளியிழைகள் பெரும்பாலும் சோடியாகவே இருக்கும்: ஒன்று அனுப்ப, மற்றது பெற. ஓர் இழை முற்றாக அறுந்தால் இன்றைய சுவிச்சுகள் பல தாமாகவே அறிந்து இணைப்பை நிறுத்திவிடும். ஆனால் இழைகள் வேறு சோடியுடன் மாறிச் செருகப்பட்டால் வெளிச்சம் வரும். வரவேண்டிய செய்தி வராது. விளக்கு எரிவதால் எல்லாம் சரி என்றே தோன்றும்.

இதில் ஆபத்து என்ன? ஒரு பாதை பழுதானால் உதவட்டும் என்று இன்னொரு பாதையை அமைத்து, அதனை அடைத்து வைப்பார்கள். மறுபக்கத்துச் செய்தி வரும்வரையே அந்த அடைப்பு நிற்கும். செய்தி நின்றால், பழைய வழமையான அமைப்பில் 50 செக்கனில் அது திறந்துவிடும். பின்னர் செய்திகள் வட்டமாகச் சுற்றிப் பெருகி வலையமைப்பு முழுவதையும் முடக்கும்.

இதற்கு சிஸ்கோ நிறுவனம் யூ.டி.எல்.டி. என்னும் முறையை உருவாக்கியது. அதன் விபரம் 2008இல் ஆர்.எஃப்.சி. 5171 என வெளியானது. ஒவ்வொரு சுவிச்சும் தன் பெயரையும் தான் கேட்ட அயலவரின் பெயரையும் எழுதி அனுப்பும். "உங்கள் கடிதம் கிடைத்தது" என்று எழுதுவதைப் போன்றது இது. வந்த செய்தியில் தன் பெயர் இல்லையெனில் அந்தத் துறையை மூடிவிடும். கடும் முறையில், வந்துகொண்டிருந்த செய்தி நின்றாலும், 8 தடவை முயன்று பார்த்துப் பதிலில்லையேல் மூடும். இம்முறையை இரு முனைகளிலும் இயக்க வேண்டும்.

மூடிய துறையைக் காரணம் அறியாமல் திறக்கக் கூடாது. முதலில் இழைகள் மாறியுள்ளனவா என்று பாருங்கள். அடுத்து முனைகளைத் துடையுங்கள். பின்னர் வந்துசேரும் ஒளியின் அளவைக் கருவியால் சோதியுங்கள். அதன் பின்னரும் சரிவராவிட்டால் ஒளி அனுப்பும் பாகத்தை மாற்றுங்கள்.

இழையின் முனையைக் கண்ணருகே வைத்து ஒருபோதும் பார்க்க வேண்டாம். அதிலுள்ள ஒளி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணைக் கெடுக்கக்கூடியது.