கார் ஃபியூல் பம்ப்பும் 'வாரண்டி வராது' என்ற பதிலும்



என் மச்சான் டாக்ஸி ஓட்டுகிறார். மஞ்சள் போர்டு, ஒரே வண்டி, மாதத் தவணை. சென்ற ஆண்டு ஒரு நாள் அதிகாலை மாமியை டயாலிசிஸுக்காக மதுரைக்கு அழைத்துப் போனபோது, காரியாபட்டி தாண்டியதும் வண்டி இரண்டு முறை குலுங்கி நின்றுவிட்டது. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. மாமியை வேறு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, இவர் இழுவை வண்டிக்குச் சொன்னார். டேங்கிற்குள் இருக்கும் ஃபியூல் பம்ப் போய்விட்டது என்று சர்வீஸ் சென்டரில் கண்டுபிடித்தார்கள். வண்டி வாங்கி இரண்டு வருடம் நாலு மாதம்தான் ஆகியிருந்தது. வாரண்டி மூன்று வருடம். ஆனால் வந்த பதில் இதுதான்: "பெட்ரோல் சரியில்லை பாய். இது வாரண்டில வராது."

வண்டி நின்றால் வருமானம் நின்றுவிடும். மாமிக்கு வாரம் இரண்டு முறை மதுரை போயே ஆகவேண்டும். அதனால் 17,000 ரூபாய்க்கு மேல் கட்டி, கையெழுத்துப் போட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கழற்றிய பழைய பம்ப் எங்கே என்று கேட்கவில்லை. எனக்கு வருத்தம் பணம் போனதில் இல்லை. கையிலிருந்த ஒரே சாட்சியை அங்கேயே விட்டுவிட்டு வந்தாரே என்பதுதான்.

ஃபியூல் பம்ப் தகராறுகள் பெரும்பாலும் இப்படித்தான் போகின்றன. பம்ப் பழுது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது. எதனால் பழுது என்பதில்தான் சண்டை. பம்பின் தயாரிப்புக் குறை என்றால் செலவு கம்பெனியுடையது. கெட்ட பெட்ரோல் என்றால் செலவு நம்முடையது. எல்லா வாரண்டி புத்தகத்திலும் 'கலப்பட எரிபொருளால் வந்த சேதத்துக்குப் பொறுப்பல்ல' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைச் சொல்வது எளிது. அது இந்த வண்டிக்குப் பொருந்துகிறதா என்று காட்டச் சொல்லி நாம்தான் கேட்க வேண்டும்.

பம்ப் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இந்தப் பேச்சில் ஏமாற மாட்டோம். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் பின் சீட்டுக்கு அடியில் டேங்க், அதற்குள் மூழ்கிய நிலையில் மின்சார பம்ப். சாவியை ஆன் செய்ததும் இரண்டு மூன்று விநாடி ரீங்காரம் போல் கேட்பது அதன் சத்தம்தான். அந்தச் சத்தம் வரவில்லை என்றால் முதலில் ஃபியூஸையும் ரிலேயையும் பார்க்கச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய் ரிலேக்காகப் பம்ப்பையே மாற்றிய கதைகளும் உண்டு. பம்ப்பைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான் அதைக் குளிர்விக்கிறது. எப்போதும் ரிசர்விலேயே, 300 ரூபாய்க்குப் போட்டு 300 ரூபாய்க்கு ஓட்டுகிறவர்களின் பம்ப் சூடாகிச் சீக்கிரம் தேய்கிறது. நம் பக்கத்து வெயிலுக்கு இது கூடுதல் கேடு. கால் டேங்காவது எப்போதும் இருக்கட்டும்.

அதே சமயம் பம்ப்பே குறையோடு வந்ததும் உண்டு. அதுவும் ஒன்றிரண்டு வண்டியில் அல்ல. ஜப்பானின் டென்சோ நிறுவனம் செய்த பம்ப்களுக்குள் சுழலும் இம்பெல்லர் என்ற சின்ன பிளாஸ்டிக் சக்கரம், அடர்த்தி குறைவாக வார்க்கப்பட்டதால் பெட்ரோலை உறிஞ்சி வீங்கி, பம்ப்பின் உட்சுவரில் உரசி நின்றுவிட்டது. 2020-ல் டொயோட்டா மட்டும் உலக அளவில் 50 லட்சத்துக்கும் மேலான வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இந்தியாவில் ஹோண்டா இதே இம்பெல்லர் பிரச்சினைக்காக 2020 ஜூனில் 65,651 கார்களையும், 2021 ஏப்ரலில் 77,954 கார்களையும் அழைத்து, பம்ப்பை இலவசமாக மாற்றித் தந்தது. மாருதி 2020 ஜூலையில் 1,34,885 வேகன் ஆர், பலேனோ கார்களை ஃபியூல் பம்ப்புக்காக அழைத்தது. 2024 மார்ச்சில் மறுபடியும் அதே இரண்டு மாடல்களில் 16,041 கார்கள், ஃபியூல் பம்ப் மோட்டாரின் ஒரு பாகத்துக்காக.

ஹோண்டா 2024 அக்டோபரில் அறிவித்த மூன்றாவது அழைப்பைக் கவனியுங்கள். 92,672 கார்கள், பெரும்பாலும் 2017, 2018-ல் தயாரானவை. மூன்று வருட வாரண்டி எப்போதோ முடிந்தவை. ஆனாலும் பம்ப்புக்குப் பணம் வாங்கவில்லை. ரீகால் என்பது வாரண்டியைச் சேர்ந்தது அல்ல. குறையை ஒப்புக்கொண்டு கம்பெனியே அழைப்பது. வண்டி இரண்டாம் கை, மூன்றாம் கை மாறியிருந்தாலும் சேசிஸ் எண்ணைப் பிடித்துத்தான் கணக்கு. நம் ஊரில் பழைய வேகன் ஆரும் அமேஸும் வாங்கி ஓட்டுகிறவர்கள் பலர். முதல் உரிமையாளருக்குப் போன கடிதமும் குறுஞ்செய்தியும் இவர்களுக்கு வந்திருக்காது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை. ரீகால் அறிவிப்புக்கு முன்பே சொந்தக் காசில் மாற்றியிருந்தால், அந்த பில்லை இணைத்துப் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் அனுப்பிவையுங்கள்.

இனி கெட்ட பெட்ரோல் விஷயம். அது முழுப் பொய்யும் அல்ல. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுக்கும். பங்கின் நிலத்தடித் தொட்டிக்குள் மழைத்தண்ணீர் புகுந்தால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். நம் டேங்கிலும் பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான், ஆகவே முதலில் அடிபடுவது அதுதான். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களின் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் இந்தப் பெட்ரோலைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. அதற்கு முந்தைய கார் என்றால் கையேட்டில் எந்த அளவு எத்தனால் சொல்லியிருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி பங்கில் விற்கும் பெட்ரோலைப் போட்டதையே கலப்படம் என்று ஒருவர் சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை. பங்கில் ஃபில்டர் பேப்பர் சோதனையும் அடர்த்தி சோதனையும் கேட்க நமக்கு உரிமை உண்டு. டீசல் வண்டிக்காரர்கள் தண்ணீர் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. அதில் ஹை பிரஷர் பம்ப்போடு இன்ஜெக்டரும் சேர்ந்து போனால் செலவு லட்சத்தைத் தொடும். விளக்கு எரிந்தும் ஓட்டினார் என்பதே வாரண்டியை மறுக்கக் காரணமாகிவிடும்.

ஆக, வண்டியை சர்வீஸ் சென்டரில் விடும் அந்த அரை மணி நேரம்தான் முக்கியம். ஜாப் கார்டில் 'செக்கப்' என்று எழுத விடாதீர்கள். எங்கே, எத்தனை கிலோமீட்டரில், எப்படி நின்றது என்று நாம் சொன்னதை எழுதச் சொல்லி, நகலை வாங்குங்கள். பம்ப்பைக் கழற்றும்போது கூடவே நில்லுங்கள். செல்போனில் படம் எடுங்கள். பெட்ரோல் கெட்டது என்று சொன்னால், உங்கள் கண் முன்னால் டேங்கிலிருந்து சுத்தமான கேனில் பிடித்து, மூடி முத்திரையிட்டு, இரு தரப்பும் கையெழுத்துப் போடட்டும். எந்தச் சோதனையில், என்ன கலப்படம் என்று கண்டார்கள் என எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொல்வதை எழுத்தில் கேட்டதும் பல இடங்களில் பேச்சு மாறும். பணம் கட்டித்தான் வண்டியை எடுக்கவேண்டிய நிலை என்றால், பில்லிலேயே 'ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன், பழைய பாகம் எனக்கு வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். பங்க் பில்களைக் கிழிக்காமல் வண்டியிலேயே வையுங்கள். வெளியில் கேஸ் கிட் மாட்டியது, சர்வீஸ் தவறவிட்டது, சொந்த போர்டில் வாடகை ஓட்டியது, இவை இருந்தால் நம் பக்கம் பலவீனம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எழுத்தில் கேட்டும் மறுத்தால், கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் முடியவில்லை என்றால் டீலர், கம்பெனி இருவருக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள விருதுநகர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி டீலர் சென்னையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தும் பதியலாம். பழுது நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். டாக்ஸி ஓட்டுகிறவர் வியாபாரி, நுகர்வோர் அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிடும். தன் பிழைப்புக்காக, சுயதொழிலாக வாங்கியவர் நுகர்வோரே என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. அந்த வரியை மனுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்ன கேட்பது என்பதிலும் நிதானம் தேவை. கோபத்தில் 'புது வண்டி கொடு' என்று போடுகிறார்கள். 2006-ல் மாருதி உத்யோக் வழக்கில், வாரண்டி என்பது பழுதான பாகத்தை மாற்றித் தருவதற்குத்தான், முழு வண்டியை மாற்ற அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2010-ல் ஒரு பியட் கார் வழக்கில், இன்ஜினை மாற்றிய பின்னும் சத்தம் தொடர்ந்ததால், தனி நிபுணர் பார்த்து அடிப்படைக் குறை என்று சொன்னால் பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்றது. நிபுணர் சாட்சி இல்லாமல் பெரிய கோரிக்கை நிற்காது. பம்ப் ஒரு முறை போனதற்கு பம்ப் விலை, கூலி, இழுவை வண்டிச் செலவு, ஓடாத நாட்களின் வருமானம், அலைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு, இவ்வளவுதான் நியாயமான கணக்கு. பாகத்தைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் அனுப்ப அந்தப் பாகம் கையில் இருக்க வேண்டும்.

மச்சான் கதை பாதிதான் நல்லபடி முடிந்தது. ஜாப் கார்டை நாங்கள் எடுத்துப் பார்த்தபோது, 'எரிபொருள் அழுத்தம் இல்லை, பம்ப் மாற்றப்பட்டது' என்று மட்டும் இருந்தது. பெட்ரோலைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதை இணைத்து, எந்தச் சோதனையில் கலப்படம் கண்டீர்கள் என்று மின்னஞ்சல் போட்டோம், 1915-லும் பதிந்தோம். நான்கு மாதம் கழித்து பம்ப் விலை வங்கிக் கணக்குக்கு வந்தது. கூலியும் இழுவை வண்டிச் செலவும் வரவில்லை. பழைய பம்ப் எங்கே என்று கேட்டதற்கு, ஸ்கிராப்புக்குப் போய்விட்டது என்றார்கள்.