ஜவ்வு கிழிந்த முழங்காலும் தெருமுனை ஜிம்மும்

முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் இரண்டு தசைநார்களில் முன்னால் இருப்பது, கீழ்க்கால் எலும்பு முன்புறமாக நழுவிவிடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. மருத்துவர்கள் இதை ஏ.சி.எல். என்பார்கள், ஊரில் இதற்கு ஜவ்வு என்று பெயர். கபடியிலோ கால்பந்திலோ காலை ஊன்றியபடி உடம்பைத் திருப்பும்போது இது கிழிகிறது. பின்தொடைத் தசையின் நாணையோ, முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள நாணிலிருந்து ஒரு பட்டையையோ எடுத்து, கிழிந்த ஜவ்வின் இடத்தில் பொருத்துவதுதான் அறுவை சிகிச்சை. அதன் பிறகு சில வாரங்கள் பிசியோதெரபி நடக்கும். கால் மடங்கி நீள ஆரம்பித்து, நொண்டாமல் நடக்க வந்ததும், பலர் அதை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஜிம்முக்குப் போகிறார்கள். அங்கே ராடு வளைந்திருக்கலாம், கேபிள் நைந்திருக்கலாம், சிறிய எடைகளே இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் அந்த ஜிம்மில் கால் தேறும். அதற்குச் சில கணக்குகள் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் கணக்கு காலம். பொருத்தப்பட்ட நாண் உடனே ஜவ்வாகிவிடுவதில்லை. தொடக்க மாதங்களில் அது வலுவிழந்து, புதிய ரத்த ஓட்டம் பெற்று, மெதுவாகத்தான் மாறுகிறது. வலி முன்னதாகவே போய்விடுவதால், கால் சரியாகிவிட்டதென்று தோன்றும். ஆபத்து அந்த எண்ணத்தில் இருக்கிறது. நார்வேயிலும் அமெரிக்காவிலும் ஜவ்வு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 106 பேரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. விளையாட்டுக்குத் திரும்புவதை ஒன்பது மாதம் வரை ஒவ்வொரு மாதமாகத் தள்ளிப்போட, மறுபடி அடிபடும் விகிதம் மாதத்துக்கு ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததை அது காட்டியது. முன்தொடைத் தசை இரு கால்களிலும் ஏறத்தாழ சமமாக இருந்தவர்களுக்கும் அடி குறைவாகவே பட்டது.

அந்தத் தசையை மீட்கும் முறைக்கு வயது எண்பதுக்கு மேல். இரண்டாம் உலகப் போரின்போது, சிகாகோவின் கார்டினர் ராணுவ மருத்துவமனையில் முழங்கால் அடிபட்ட வீரர்கள் குவிந்திருந்தார்கள். குறைந்த எடையில் பலமுறை காலை அசைப்பதே அன்றைய வழக்கம். தாமஸ் டிலார்ம் என்ற இளம் மருத்துவர் அதை மாற்றிக் கனமான எடையைத் தூக்கச் சொன்னார். 1945இல் அதை எழுதி வெளியிட்டார். பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடையை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதில் பாதியில் பத்து, முக்காலில் பத்து, முழு எடையில் பத்து என மூன்று செட் செய்ய வேண்டும். பலம் கூடும்போது எடையும் கூடும். பிற்காலத்தில் அவர் செம்மைப்படுத்திய இந்த முறைதான் இன்றைய பயிற்சிகளுக்கு அடித்தளம். இதன் உயிர்நாடி, தூக்கும் எடை எவ்வளவு என்று தெரிந்திருப்பது.

தெருமுனை ஜிம் கைவிடுவது இந்த இடத்தில்தான். போட்டிகளில் ஆண்கள் பயன்படுத்தும் ராடு 20 கிலோ. சாதாரண ஜிம்களில் இருக்கும் மெலிந்த ராடுகள் அதில் பாதிகூட இல்லாமல் இருக்கலாம். வார்ப்பிரும்பு பிளேட்டில் பொறித்திருக்கும் எண்ணும் உண்மை எடையும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நல்ல காலுக்கு இந்த வித்தியாசம் பெரிதல்ல. தேறிவரும் காலுக்குப் பெரிது. வீட்டு எடை மிஷினை ஒருநாள் கொண்டுபோய், பயன்படுத்தப்போகும் ராடையும் பிளேட்டுகளையும் நிறுத்து, எண்களை நோட்டில் குறித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். சின்ன பிளேட் இல்லாவிட்டால் பையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் வைக்கலாம், அது ஒரு கிலோ. எடையைக் கூட்டவே முடியாத வாரத்தில், இறங்கும் நேரத்தை நான்கு விநாடியாக நீட்டினால், அதே எடை தசைக்குக் கடினமாகும்.

எந்தக் கருவி என்பது அடுத்தது. லெக் எக்ஸ்டென்ஷன் மிஷினில் உட்கார்ந்து காலை முழுக்க நீட்டும்போது, கடைசி முப்பது நாற்பது டிகிரியில்தான் புதிய ஜவ்வு அதிகம் இழுபடுகிறது. எனவே தொடக்க மாதங்களில் 90 டிகிரி மடக்கத்திலிருந்து 45 டிகிரி வரை மட்டும் நீட்டச் சொல்வது வழக்கம். அந்த அளவில் தடுத்து நிறுத்தும் முளை உடைந்த மிஷினும், கேபிள் நைந்து திடீரென்று சிக்கி விடுபடும் மிஷினும் தேறிவரும் காலுக்கு ஆகாது. தடுப்புக் கொக்கி வேலை செய்யாத லெக் பிரஸ்ஸும் அப்படியே. அவற்றுக்கு மாற்றாக ஒரு பெஞ்ச் போதும்: டம்பெல்லை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பின்பக்கம் பெஞ்சைத் தொடும் வரை மட்டும் இறங்கி எழும் பஸ்கி. இடையில் கால் ஒத்துழைக்காவிட்டால் பெஞ்சில் உட்கார்ந்துவிடலாம். முதுகில் பார்பெல் சுமந்திருப்பவருக்கு, தாங்கும் கம்பிகள் இல்லாத இடத்தில், அந்த வசதி கிடையாது. கால் தளர்ந்தால் எடை எங்கே போகும் என்ற கேள்வியை, எடையைத் தொடுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

அடிபட்ட கால் ஓய்வில் இருக்கும் நாட்களிலும் நல்ல காலுக்குப் பயிற்சி கொடுப்பது பயன் தரும். ஒரு பக்கத்துக்குக் கொடுக்கும் பயிற்சியால் மறுபக்கமும் ஓரளவு பலம் பெறுவதை 1894இல் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்சர் கண்டறிந்தார். நரம்பு மண்டலம் கற்றுக்கொள்வதே இதற்குக் காரணம்.

வலியைப் படிக்கத் தெரிய வேண்டும். பத்துக்கு ஐந்தைத் தாண்டாத வலி, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால், பொதுவாக ஏற்கத்தக்கது. அடங்காமல் இருந்தாலோ மூட்டு வீங்கினாலோ எடை அதிகம் என்று பொருள். சில்லின் நடுவில் தையல் டேப்பால் சுற்றளந்து தினமும் எழுதிவைத்தால் வீக்கம் ஏமாற்றாது. முழங்கால் பூட்டிக்கொண்டாலும் நழுவுவதுபோல் தோன்றினாலும் அன்றைக்கே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு எடை தூக்குவது எச்சரிக்கை மணியின் வாயைக் கட்டுவது. கெண்டைக்காலில் வலியோடு வீக்கமும் சூடும் இருந்தால் அதைச் சுளுக்கென்று யாரும் நீவிவிடக் கூடாது. ரத்தக்கட்டியாக இருக்கலாம், அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. வலிக்க வலிக்கத்தான் வளரும் என்று ஜிம் மாஸ்டர் சொல்வது ஆரோக்கியமான தசைக்கு ஓரளவு பொருந்தும், தேறிவரும் மூட்டுக்குப் பொருந்தாது. செய்யக் கூடாத அசைவுகளைப் பிசியோதெரபிஸ்ட்டிடம் எழுதி வாங்கி மாஸ்டரிடம் காட்டிவிட்டால் வாக்குவாதத்துக்கு இடமில்லை.

வியர்வை சிந்திய தரை, ஓரம் சுருண்ட ரப்பர் பாய், வழியில் கிடக்கும் பிளேட் ஆகியவை நல்ல முழங்காலையும் தடுக்கிவிடும். ஆகவே கூட்டமில்லாத முற்பகல் நேரமே தேறிவருபவர்களுக்கு ஏற்றது.

கடைசியில் இரு கால்களையும் ஒப்பிட வேண்டும். ஒரே மிஷினில், ஒரே எடையில், ஒவ்வொரு காலும் தனித்தனியாக எத்தனை முறை தூக்குகிறது என்று பார்த்தால் தோராயமான நிலை தெரியும். துல்லியமான அளவையும் ஒற்றைக்காலில் தாவும் சோதனையையும் பிசியோதெரபிஸ்ட் செய்வார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒன்பது மாதம் முடியாத முழங்காலையோ, நல்ல காலின் பலத்தில் 90 விழுக்காட்டை எட்டாத முழங்காலையோ கபடிக் களத்தில் இறக்க வேண்டாம்.