வெறுந் துப்பாக்கி என்று நம்பியவர்

“அதில் வெடி இல்லை” என்னும் சொல்லை நம்பி உயிரிழந்தோர் பலர். விளையாட்டுச் சிறுவர் மட்டுமன்றி, அறிவும் அநுபவமும் வாய்ந்த பெரியோரும் அவர்களுள் அடங்குவர். அத்தகைய ஒருவரின் வரலாற்றை நாம் இங்கு நோக்குவோம்.

கிளமென்ற் வலண்டிகம் என்பவர் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துச் சட்டத்தரணி. காங்கிரஸ் சபையிலும் அங்கத்தவராக இருந்தவர். உள்நாட்டுப் போரை வன்மையாக எதிர்த்தமையால், 1863ஆம் ஆண்டில் ஜனாதிபதி லிங்கனின் கட்டளைப்படி தென்பகுதிக்கு வெளியேற்றப்பட்டவர்.

1871ஆம் ஆண்டு யூன் மாதத்தில், அம்மாநிலத்து லெபனன் என்னும் சிற்றூரில் நடைபெற்ற கொலை வழக்கொன்றில் எதிரிக்காக அவர் தோன்றினார். மதுச்சாலைக் கைகலப்பொன்றில் ஒருவர் சூடுபட்டு இறந்திருந்தார். இறந்தவர் தம் துப்பாக்கியைப் பையிலிருந்து உருவும்போது அது தானே வெடித்திருக்கலாம் என்பதே வலண்டிகத்தின் வாதம்.

இதனை நிறுவுவதற்காக, யூன் 16ஆந் திகதி ஊருக்கு வெளியே சென்று, கிட்ட நின்று சுட்டால் துணியில் வெடிமருந்துக் கறை எவ்வாறு படியும் எனச் சுட்டுப் பார்த்தார். திரும்பியபோது அந்தச் சுழல்துப்பாக்கியில் மூன்று வெடிகள் எஞ்சியிருந்தன. அவற்றை அகற்றிவிடுமாறு உடன் வந்தவர் சொல்லியும் அவர் பொருட்படுத்தவில்லை.

விடுதி அறையிலே, வழக்குக்குரிய வெறுந் துப்பாக்கியையும் இதனையும் ஒரே மேசையில் அருகருகே வைத்தார். அன்றிரவு, யூரிமார் முன்னிலையில் காட்டவேண்டியதை நண்பருக்குச் செய்துகாட்ட எழுந்தவர், துப்பாக்கியை மாறி எடுத்துவிட்டார். பையிலிட்டு உருவினார், வெடித்தது, சன்னம் அவர் வயிற்றிற் பாய்ந்தது. மறுநாட் காலை, தம் ஐம்பதாவது வயதில், உயிர் நீத்தார். எதிரி பின்னர் விடுதலை பெற்றார். துப்பாக்கி அவ்வாறு தற்செயலாக வெடிக்கக்கூடும் என்பதற்கு வாதித்தவரின் மரணமே சான்றாயிற்று.

இவரிடம் அறியாமை இருந்ததென்று கூறமுடியாது. கண்ணாற் பார்த்து அறியவேண்டியதை ஞாபகத்தால் அறிந்துகொண்டதே இவர் செய்த தவறு. எமது கல்லூரி ஆய்வுகூடத்திற் பெயர்ச்சீட்டில்லாப் போத்தலை மாணவர் தொடுதல் கூடாது என்று நாம் விதித்திருப்பதும் இக்காரணம் பற்றியே.

இக்காலத்தில் நன்கு நடத்தப்படும் நீதிமன்றங்களில் இதற்கு ஒழுங்குகள் உள. துப்பாக்கி மன்றினுள் வருமுன், பயிற்சி பெற்ற அதிகாரியொருவர் அதனைத் திறந்து, வெடியறை வெறுமையாயிருத்தலைக் கண்ணாற் கண்டு உறுதி செய்வார். மூடிக்கொள்ளாதபடி அதனூடே பட்டியொன்று செருகப்படும். சன்னங்கள் வேறொரு பொதியில் முத்திரையிடப்பட்டிருக்கும். யார் எடுத்தார், எப்போது கொடுத்தார் என்பனவெல்லாம் பதிவாகும். இப்பதிவிற் குறைவு நேர்ந்தால் சான்றின் மதிப்பும் குறையும். ஆகவே, உயிரைக் காக்கும் ஒழுங்கே நீதியையும் காக்கின்றது.

ஆயினும் தவறுகள் நேர்கின்றன. 2021ஆம் ஆண்டு நவம்பரில், விஸ்கொன்சின் மாநிலத்துக் கெனோசா நகர வழக்கொன்றிலே, அரச வழக்குரைஞர் சான்றுத் துப்பாக்கியை விசையில் விரல் வைத்தவாறே மன்றினுள் உயர்த்திக் குறிபார்த்துக் காட்டினார். பலரும் அதனைக் கண்டித்தனர்.

மனத்தில் இருத்தவேண்டிய விதிகள் மூன்றே: எந்தத் துப்பாக்கியையும் வெடியுள்ளதாகவே கொள்க, அதன் வாயை எவர்பக்கமும் திருப்பற்க, சுடும் எண்ணமின்றி விசையில் விரல் வையற்க.

எம் மாணவர்க்கு நான்காவதொன்றும் உண்டு. போர் நிகழ்ந்த எமது வடபகுதி நிலங்களில் கைவிடப்பட்ட ஆயுதங்களும் வெடிபொருள்களும் இன்னமும் அகப்படுகின்றன. துருப்பிடித்ததாயினும் தொடாது, மற்றவரையும் நெருங்கவிடாது, பெரியோர்க்கும் பொலிசாருக்கும் அறிவித்தலே முறை. “இது பழையது, ஒன்றும் செய்யாது” என்பதும், “அதில் வெடி இல்லை” என்பதைப் போன்ற ஒரு நம்பிக்கையே.